அண்ணாந்து பார்த்தவர்

இலை விழுந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. ஃபியூஸ் மட்டும் பார்த்தான். அதுவும், அது நேராக அவன் சட்டைப் பைக்குள்ளேயே விழுந்ததால்.

ஏணியின் உச்சியில் நின்று, வயர் பைப்பைப் பிடிக்கும் முதல் கிளாம்புக்கு முதல் ஸ்க்ரூவை அப்போதுதான் முறுக்கியிருந்தான். சீலிங்கின் ஓரம் முழுக்க அலங்காரமாக ஓடிய சுண்ணாம்புக் கொடியிலிருந்து ஓர் இலை, பழுத்து உதிர்வதைப் போலச் சத்தமில்லாமல் கழன்று வந்து பையில் உட்கார்ந்துகொண்டது.

"மச்சான்," என்றான். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்து பார்த்தார். மனைவியின் அண்ணன். வயதில் மூத்தவர், வேலையில் உதவியாள். அதனால் அவரைத் திட்டவும் முடியாது, வேலை சொல்லவும் முடியாது. "என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணு விழுந்திருச்சு."

"ஸ்க்ரூவா?"

"இலை."

மச்சான் தரையெல்லாம் தேடினார். "எங்க?"

"பைக்குள்ள."

"அப்ப விழலையே. பத்திரமாத்தான இருக்கு. அடுத்த ஸ்க்ரூவ முறுக்கு."

ஆனால் ஃபியூஸின் கை ஓடவில்லை. யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினாலே பொசுக்கென்று அணைந்துபோகிறவன் அவன். பேச்சு நின்றுவிடும், கண்ணில் வெளிச்சம் போய்விடும். தொழிலும் எலக்ட்ரீஷியன் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பழைய பங்களாவை ஒரு பல் டாக்டர் வாங்கி ஆஸ்பத்திரியாக மாற்றிக்கொண்டிருந்தார். வாங்கியதே இந்த ஹாலின் சீலிங்குக்காகத்தான் என்று பேச்சு. கொடி, இலை, திராட்சைக் கொத்து, நாலு மூலையிலும் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருக்கும் இறக்கை வைத்த குழந்தைகள், நடுவில் ஃபேன் தொங்குவதற்கு ஒரு பெரிய பூ. பல் பிடுங்க மல்லாந்து படுக்கிறவர்கள் வலி தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

"சீலிங்கை வெட்டக் கூடாது, உள்ள வயர் விடக் கூடாது," என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். "பைப்பு வெளியே தெரிஞ்சாப் பரவாயில்ல, கொடியை ஒட்டியே நேரா, அழகாக் கொண்டு போ. ஆனா ஒரு பூ உதிர்ந்துச்சுன்னு வையி…" அத்தோடு நிறுத்திக்கொண்டார். உதிர்ந்தால் என்ன என்று அவர் சொல்லாமல் விட்டதை ஃபியூஸ் இரவெல்லாம் விதவிதமாகச் சொல்லி முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை உடைத்திருந்தான். அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடுகிற ஒரே ஆள் இந்த இன்ஜினியர்தான். இவரும் கைவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். காலையில் கிளம்பும்போது மனைவி, "பயப்படாதீங்க, எங்கண்ணன் கூடவே இருக்காருல்ல," என்றாள். அதைக் கேட்டதும்தான் பயம் அதிகமானது.

போதாததற்குப் பல் டாக்டர் வேறு. ஃபியூஸின் கடைவாய்ப் பல் ஒன்று பல நாளாகச் சொத்தை. டாக்டரிடம் போக மனம் வராமல் ஒரு பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். அடுத்த அறையில் நோயாளி நாற்காலி வந்து இறங்கியிருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டுக் கால் நீட்டிப் படுத்திருந்த அதன் பக்கம் அவன் பார்வையைக்கூடத் திருப்பவில்லை.

"டைல்ஸ்காரர் ஒரு டைல உடைச்சுட்டாராம்," என்று மச்சான் வரும் வழியிலேயே ஆரம்பித்திருந்தார். "டாக்டர் ஒரு வார்த்தை திட்டலையாம். அந்த நாற்காலியில உக்கார வெச்சு, வாயைத் தொறங்கன்னு மட்டும் சொன்னாராம்."

"அப்புறம்?"

"அப்புறம் டைல்ஸ்காரரை யாரும் பார்க்கல."

ஃபியூஸ் இதையெல்லாம் ஏணி மேல் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது.

உள்ளே வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. யாரையும் எதுவும் கேட்கவில்லை. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து ஹாலின் நடுவில் போட்டார். உட்கார்ந்தார். அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார்.

"வணக்கம் சார்," என்றார் மச்சான்.

'சார்' என்றதும் அவர் நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தார். "நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க. நான் இப்படி ஓரமா உக்காந்திருக்கேன்," என்றார், நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டு.

மச்சான் இரண்டு படி ஏறி வந்து கிசுகிசுத்தார். "டாக்டர்."

"எப்படித் தெரியும்?"

"கையைப் பாரு. விரலெல்லாம் வெளுத்துப்போய்க் கெடக்கு. வருஷக்கணக்காக் கையுறை போட்டுப் போட்டு அப்படி ஆயிருக்கு."

ஃபியூஸ் பார்த்தான். உண்மைதான். அந்த விரல்கள் தன் வாய்க்குள் நுழைவதை நினைத்தபோது சொத்தைப் பல் தானாகவே விண் என்றது.

"ஏதாவது விழுந்துச்சா?" என்று கேட்டார் நாற்காலிக்காரர்.

ஃபியூஸின் கை தன்னிச்சையாகப் பையைப் பொத்தியது. "இல்லைங்க சார்."

"ஒண்ணுமே விழலையா?"

"ஒண்ணுமே இல்லைங்க."

அவர் நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

"கோவத்தை அடக்குறாரு," என்றார் மச்சான்.

இலை போன இடம் பல் விழுந்த ஈறு மாதிரி பளிச்சென்று தெரிந்தது. மெயினை அணைத்திருந்ததால் ஹாலில் ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். இருந்தாலும் கீழே இருப்பவர் கண் சீலிங்கை விட்டு அசையவில்லை. நேராகப் போக வேண்டிய பைப்பைக் கொஞ்சம் வளைத்து அந்த இடத்தின் மேலேயே கொண்டுபோய்விட்டால் மறைந்துவிடும் என்று ஃபியூஸுக்குப் பட்டது. வளைத்தான். மறைந்தது. ஆனால் வளைந்த பைப்பு திராட்சைக் கொத்தின் பக்கம் போய் நின்றது. அங்கே ஒரு கிளாம்ப் அடித்தே ஆக வேண்டும். பேட்டரி டிரில் மெஷினை வைத்ததும் இரண்டு திராட்சைகள் உதிர்ந்தன.

ஒன்று மச்சானின் தலையில் பட்டு அவர் கைக்கே வந்தது. இன்னொன்று தரையில் விழுந்து, உருண்டு, நாற்காலியின் திசையில் கிளம்பியது. மச்சான் ஒரே தாவலில் அதன் மேல் காலை வைத்து நின்றார்.

"என்ன சத்தம்?" நாற்காலிக்காரர் பாதி எழுந்துவிட்டார். முகத்தில் ஒரு வேகம்.

கையில் இருந்ததை ஒளிக்க இடமில்லாமல் மச்சான் வாயில் போட்டுக்கொண்டார்.

"என்ன மெல்லுறீங்க?"

"கல்கண்டுங்க சார்."

"கீழ விழுந்த மாதிரி இருந்துச்சே?"

"அதுவும் கல்கண்டுதாங்க."

அவர் மறுபடி உட்கார்ந்தார். அந்த வேகம் வடிந்துவிட்டது. "நான் வேற என்னவோன்னு நெனச்சேன்," என்றார் வருத்தமாக. மச்சானின் வாயோரம் சுண்ணாம்பு வெள்ளையாக வழிந்தது. துடைக்கப் பயந்து அப்படியே முழுங்கினார்.

"சொல்லிரலாமா மச்சான்?" என்றான் ஃபியூஸ்.

"இலையோட நின்னிருந்தா சொல்லியிருக்கலாம். இப்ப ரெண்டு திராட்சை வேற. அதுல ஒண்ணு எனக்குள்ள இருக்கு. எதைன்னு சொல்லுவ?"

அதுவும் நியாயம்தான். திராட்சை போன ஓட்டையை மறைக்க அங்கே ஒரு ஜங்ஷன் பாக்ஸை மாட்டுவதென்று முடிவானது. அந்த இடத்தில் பாக்ஸுக்கு வேலையே கிடையாது. வயர் பிரிகிற இடமும் அல்ல, சேருகிற இடமும் அல்ல.

"அங்க எதுக்குங்க பெட்டி?" என்று கேட்டார் நாற்காலிக்காரர்.

ஃபியூஸ் மச்சானைப் பார்த்தான். மச்சான் பதில் சொன்னார். "கரண்டு கொஞ்சம் மூச்சு வாங்குறதுக்குங்க சார். ரொம்ப தூரம் ஓடுதுல்ல."

அவர் தலையாட்டினார். நம்பினாரா, நம்பாத மாதிரி நம்பினாரா, தெரியவில்லை. பிறகு இதமான குரலில், "பழைய சுண்ணாம்பு வேலை. எவ்வளவு கவனமா இருந்தாலும் ஒண்ணு ரெண்டு உதிரத்தான் செய்யும். உதிர்ந்தா தயங்காமச் சொல்லுங்க, தப்பே இல்ல," என்றார்.

அந்த இதம்தான் ஃபியூஸைப் பயமுறுத்தியது. வலிக்கவே வலிக்காது என்று இதே குரலில் சொல்லிவிட்டுத்தானே இடுக்கியை எடுப்பார்கள்.

"எதுவும் உதிரலைங்க சார்," என்றான், வாயை முழுக்கத் திறக்காமல்.

பாக்ஸை இறுக்கும்போது மூலையில் இருந்த குழந்தையின் மூக்கு போயிற்று.

இந்த முறை ஃபியூஸ் காற்றிலேயே பிடித்துவிட்டான். பிடித்த பிறகு உள்ளங்கையைத் திறந்து பார்த்தால் மூக்கு இல்லை, மாவுதான் இருந்தது. மேலே அந்தக் குழந்தை, மூக்கில்லாத முகத்தோடு, நடந்தது தெரியாமல் ஊதிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரம் வந்தது. நாற்காலிக்காரர் வெளியே போவார், அந்த இடைவெளியில் எதையாவது செய்துகொள்ளலாம் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவரோ ஒரு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, அண்ணாந்தபடியே சாப்பிட்டார். கண்ணை எடுக்காமல் எப்படி வாய்க்குச் சரியாகக் கொண்டுபோகிறார் என்று ஃபியூஸுக்குத் திகைப்பாக இருந்தது. அடுத்தவர் வாய்க்கே குறி தப்பாதவருக்குத் தன் வாய் எம்மாத்திரம் என்றும் தோன்றியது.

மச்சான் தந்திரம் செய்தார். "சார், சுவிட்ச் போர்டு எங்க வேணும்னு வாசப்பக்கம் வந்து ஒரு தடவை பார்த்துச் சொல்லுறீங்களா?"

"என்னைய ஏன் கேக்குறீங்க?" என்று அவர் தயங்கினார். ஆனாலும் மரியாதைக்கு எழுந்து போனார். அந்த நேரத்தில் ஃபியூஸ், பைப்பு மூட்டுக்கு வைத்திருந்த ஒட்டுமாவை உருட்டி மூக்குச் செய்து அப்பினான். அவசரத்தில் அது கொஞ்சம் பெரிதாகவே வந்தது. தள்ளி நின்று பார்த்தால், மச்சானின் மூக்கை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி இருந்தது. நிறம் வேறு சாம்பல்.

திரும்பி வந்த மச்சான் மேலே பார்த்தார். தன் மூக்கை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

"மூடு மாப்பிள்ளை," என்றார் மெதுவாக. "பைப்பைப் போட்டு மூடு."

மூக்குக்கு மேல் பைப்பைக் கொண்டுபோனால் கண் மறைந்துவிடும். அதனால் பைப்பை இரண்டு பக்கமும் இறக்கி வளைத்து மூக்கை மூடினாற்போல் கொண்டுபோனான். இப்போது குழந்தைக்கு மூக்கு தெரியவில்லை, முறுக்கு மீசை ஒன்று முளைத்திருந்தது.

"ஒண்ணுக்கு மட்டும் இருந்தா சந்தேகம் வரும்," என்றார் மச்சான்.

அதனால் மற்ற மூன்று குழந்தைகளுக்கும் மீசை வைத்தார்கள்.

இரண்டு விளக்கு, ஒரு ஃபேன். அவ்வளவுதான் அந்த ஹாலுக்கு வேண்டியது. ஆனால் மதியம் சாய்வதற்குள் சீலிங்கில் பைப்பு, வழி தவறியவன் சொன்ன விலாசம் மாதிரி சுற்றிச் சுற்றி ஓடியது. ஒன்றை மறைக்கப் போட்ட பைப்பு இன்னொன்றை உதிர்த்தது. உதிர்ந்ததை மறைக்க மறுபடி பைப்பு. ஃபியூஸின் சட்டைப் பை, பேன்ட் பை, டூல்ஸ் பை எல்லாம் இலையும் பூவும் மொட்டுமாக நிரம்பி, ஏணியில் ஏறும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் போட்டது. சத்தம் வராமல் ஏறப் பழகிக்கொண்டான்.

நாற்காலிக்காரரின் நிலையும் சரியில்லை. உட்காருவார், எழுவார், சுவரோரம் நடப்பார், கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொள்வார். அவ்வப்போது, "இன்னும் ஒண்ணும் விழலையா?" என்பார். இல்லை என்றதும் முகம் இன்னும் தொங்கும்.

மூன்றாவது மூலையில் கிளாம்ப் அடிக்கும்போது குழந்தையே அசைந்தது. மூக்கோ காதோ இல்லை, முழுக் குழந்தையும் இறக்கையோடு சுவரை விட்டு ஒரு விரல் அளவு முன்னால் வந்து, யோசித்து, நின்றது. ஃபியூஸ் இரண்டு கையிலும் மெஷினையும் பைப்பையும் வைத்திருந்தான். வேறு வழியில்லாமல் தலையைக் கொடுத்துத் தாங்கினான்.

தலை மேல் குழந்தையோடு அப்படியே நின்றான். வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கியது. துடைக்க முடியவில்லை. கீழே பார்க்கவும் முடியவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க, அப்படியே நின்னுட்டீங்க?"

"யோசிக்கிறேன் சார்."

"தலைய முட்டுக் குடுத்தா?"

"அப்படி வெச்சாத்தாங்க எனக்கு யோசனை வரும்."

மச்சான் இன்னொரு ஏணியைச் சத்தமில்லாமல் தூக்கிவந்து, ஏறி, குழந்தையின் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு பைப்பை வைத்து இரண்டு பக்கமும் கிளாம்பை இறுக்கினார். குழந்தை நின்றுவிட்டது. இடுப்பில் பெல்ட் கட்டிய மாதிரி இருந்தது. இதற்கு மட்டும் பெல்ட் இருந்தால் சந்தேகம் வரும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்ற மூன்றுக்கும் கட்டினார்கள்.

அப்போதுதான் நாற்காலிக்காரர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினார். குரலைத் தாழ்த்திப் பேசினார். ஆனாலும் வெறும் ஹாலில் எல்லாம் கேட்டது.

"இல்லைங்க… இன்னும் ஒண்ணும் கெடைக்கலைங்க… காலையிலேருந்து கண்ண எடுக்காமத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்… இல்லைங்க, அவர்கிட்ட நான் எதையும் சொல்லல. பயந்துருவாருன்னு நீங்கதான சொன்னீங்க… சரிங்க."

ஃபியூஸ் ஏணியில் இரண்டு படி இறங்கி வந்தான். "யார்கிட்ட மச்சான் பேசுறாரு?"

"போலீஸ்," என்றார் மச்சான். அவர் முகத்தில் முதல் முறையாக ரத்தம் இல்லை. "ஆதாரம் கெடைக்கலைன்னு சொல்றாரு பாரு. கெடைச்சதும் வருவாங்க."

"என் பை முழுக்க ஆதாரம்தான மச்சான்."

"எனக்கு வயித்துல இருக்கு மாப்பிள்ளை. நான் எங்க போவேன்?"

கடைசி கிளாம்பை எப்படி முறுக்கினான் என்று ஃபியூஸுக்கே தெரியாது. வேலை முடிந்தது. ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மெயினைப் போட்டுப் பார்த்தால் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. மற்ற நாளாக இருந்தால் இதற்காகவே ஒருமுறை சிரித்திருப்பான். இன்று விளக்கு எரிந்ததும் அதை ஓடிப் போய் அணைத்தான், வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்துவிடுமே என்று.

நாற்காலிக்காரர் எழுந்து வந்தார். ஒரு தீர்மானத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"கொஞ்சம் உள்ள வர்றீங்களா?" என்று ஃபியூஸைக் கேட்டார். கை, அடுத்த அறையைக் காட்டியது.

"நானும் வர்றேங்க," என்றார் மச்சான்.

"வேண்டாம். அவர் மட்டும்."

மச்சான் மாப்பிள்ளையின் தோளை அழுத்தினார். "தங்கச்சிகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்," என்றார்.

ஃபியூஸ் நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் பையில் பூக்கள் கடகடத்தன. உள்ளே, பிளாஸ்டிக் உறைக்குள் அந்த நீள நாற்காலி அவனுக்காகவே காலை நீட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பின்னால் கதவு சாத்தும் சத்தம். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு செய்தான். ஆனால் ஒப்புக்கொள்ள வாயைத் திறக்க வேண்டும்.

அவர் அருகில் வந்தார். அவருடைய வெளுத்த விரல்கள் கும்பிடுவது போலக் குவிந்திருப்பதை ஃபியூஸ் அப்போதுதான் பார்த்தான். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க," என்று அவர் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார். "நான் சுண்ணாம்புப் பூ வேலை செய்யறவன், நீங்க உடைக்க உடைக்க உடைஞ்சதத் திரும்ப ஒட்டச் சொல்லித்தான் இன்ஜினியர் என்னை அனுப்பினாரு, ஒட்டுன கணக்குக்குத்தான் கூலி. ஒவ்வொரு பூவையும் சுத்தி வளைச்சு ஒரு இலைகூட நோகாம இப்படிப் பைப்பு போட்டா என் பொழப்பு என்னங்க ஆவுறது, தயவுசெஞ்சு ஒரே ஒரு மூக்கையாவது உடைச்சுக் குடுங்க."